கரையைக் காக்கும் அவகாசம்

மதுராந்தகம் கடைவீதியில், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பதும் பட்டா சிட்டா நகல் இறக்கித் தருவதும் மின்கட்டணம் கட்டுவதுமாகக் காலைமுதல் இரவுவரை ஓய்வின்றி உழைக்கின்ற ஒரு கணினி, வாசலில் ஆட்கள் நெருக்கியடித்து நிற்கும் வேளையில், "புதுப்பிப்புகள் தயாராக உள்ளன, இப்போதே மறுதொடக்கம் செய்யலாமா?" என்று கேட்பதும், கடைக்காரர் வாசலை ஒருமுறை பார்த்துவிட்டுப் "பிறகு" என்னும் பொத்தானை அழுத்துவதும் நம் ஊர்களில் நாள்தோறும் நடக்கிற காரியம். அவருடைய மனத்தில் எழும் கேள்வி நியாயமானது. தேய்ந்துபோகும் பொருளைப் பழுதுபார்ப்பது எல்லோருக்கும் புரியும். கணினியை இயக்கும் நிரலோ வெறும் எழுத்துக்கோவை. அது வெயிலில் காய்வதில்லை, மழையில் நனைவதில்லை, எத்தனை முறை ஓடினாலும் அணுவளவும் தேய்வதில்லை. நேற்றுவரை செவ்வனே வேலை செய்ததும் இன்றும் செய்துகொண்டிருப்பதுமான அப்படிப்பட்ட ஒன்றுக்கு மாதந்தவறாமல் மராமத்து எதற்கு?

விசைப்பலகையில் தட்டிய எழுத்தைத் திரைக்குக் கொண்டுசேர்ப்பதும், வட்டில் கோப்புகளை ஒழுங்காக அடுக்கிவைப்பதும், அச்சுப்பொறியோடும் வலையோடும் பேசுவதும், ஒரே சமயத்தில் ஓடும் பல நிரல்கள் ஒன்றின் இடத்தில் மற்றொன்று கைவைக்காதபடி காவல் செய்வதும் ஆகிய பொதுக் காரியங்களை எல்லாம் ஏற்று நடத்தும் பெருநிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸும் லினக்ஸும் ஆண்ட்ராய்டும் இத்தகையவை. இவற்றுள் லினக்ஸின் மையப் பகுதியாகிய கெர்னல் மட்டுமே 3 கோடி வரிகளுக்கு மேற்பட்டது. பல்லாயிரம் பேர், பல தேசங்களில் இருந்துகொண்டு, 1991ஆம் ஆண்டு முதல் எழுதிச் சேர்த்தது. மனிதர் எழுதிய அத்தனை வரிகளில் ஒரு பிழையும் இல்லாமலிருப்பது அசாத்தியம். பிழைகளில் பெரும்பாலானவை சிறு தொல்லையோடு போய்விடும். சிலவோ, அயலான் ஒருவன் நம்முடைய அனுமதியின்றி உள்ளே புகுந்து, யந்திரத்தைத் தன் சொற்படி ஆட்டிவைக்க வழி செய்துவிடும். அவற்றையே பாதுகாப்பு ஓட்டைகள் என்கிறோம்; அவற்றை அடைப்பதற்காகத் தயாரித்தவர்கள் அனுப்பும் திருத்தமே பாதுகாப்புப் புதுப்பிப்பு, அதாவது வழக்கில் நாம் அப்டேட் என்று சொல்வது.

இதை விளங்கிக்கொள்ள மதுராந்தகத்தில் இருப்பவர் தொலைவில் போய் உதாரணம் தேட வேண்டியதில்லை. மதுராந்தகன் என்னும் பட்டப்பெயர் பூண்ட உத்தம சோழனோடு சேர்த்துப் பேசப்படுவதும், ஏறக்குறைய 2,400 ஏக்கர் பரப்பில் கடல்போல் கிடப்பதும், நிரம்பினால் கலங்கல் வழியே உபரிநீரைக் கிளியாற்றில் விடுவதுமான அந்த ஏரியின் கரை உடைவதற்கு, கரை முழுவதும் பலவீனப்பட்டிருக்க வேண்டும் என்பதில்லை. நண்டு துளைத்த வளை ஒன்று போதும். கோடையில் அந்த வளை இருப்பதும் இல்லாததும் ஒன்றுதான். ஐப்பசி மழையில் தண்ணீர் ஏறி அந்த மட்டத்தைத் தொட்ட பிறகே, வெளிச்சரிவில் ஈரம் தட்டி, ஈரம் கசிவாகி, கசிவு மண்ணைக் கரைத்துக்கொண்டு வழியை அகலப்படுத்தி, கடைசியில் கரையையே அறுத்துக்கொண்டு போகிறது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் செங்கல்பட்டுச் சீமையின் கலெக்டராக இருந்த லயனல் பிளேஸ், பெருமழை பெய்த ஓர் இரவில், கரை நில்லாது என்று அஞ்சிப் பார்க்கப் போனபோது வில்லேந்திய வீரர் இருவர் அங்கே காவல் நிற்கக் கண்டார் என்னும் ஐதிகமும், அதனால் கோயிலில் உள்ள கோதண்டராமர் ஏரி காத்த ராமர் என்று பிரசித்தி பெற்றதும் இப்பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். அதே பிளேஸ், தம் சீமையின் ஏரிகளை மராமத்துச் செய்விப்பதில் மிகுந்த சிரத்தை காட்டிய அதிகாரி என்பதையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கடைக்காரரின் கேள்விக்கு விடை இந்த நண்டு வளையில் இருக்கிறது. நிரல் தேயவில்லை என்பது உண்மைதான். ஓட்டை நேற்றுப் புதிதாக உண்டானதும் அன்று. நிரலை எழுதிய நாளிலிருந்தே அது அங்கே இருந்தது. பத்தாண்டுகள்கூட ஒருவர் கண்ணிலும் படாமல் இருந்திருக்கலாம். மாறியது நிரல் அன்று, அதைப் பற்றி உலகத்துக்கு உள்ள அறிவு. ஒருவர் அதைக் கண்டுகொண்ட அந்தக் கணத்திலிருந்து, ஒரு வரியும் மாறாத அதே நிரல், அபாயமுள்ள நிரலாகிவிடுகிறது. ஏரியோடு ஒப்பிடும்போது நிலைமை இங்கே இன்னும் கடுமையானது. ஏரி நீர் ஓட்டையைத் தேடி அலைவதில்லை, மட்டம் எட்டினால்தான் நுழையும். வலையில் இணைந்த கணினியைச் சூழ்ந்திருப்பதோ, இரவு பகலாக ஒவ்வொரு கரையையும் தட்டிப் பார்த்துக்கொண்டு, எங்கே இடமிருக்கிறதென்று தேடிவருகிற தண்ணீர்.

ஓட்டை என்று பொதுவாகச் சொன்னால் போதாது. மெய்யான ஒன்றை எடுத்து அருகில் வைத்துப் பார்ப்போம்.

ஓர் அலுவலகத்தில் உள்ள கணினிகள் தங்களுக்குள் கோப்புகளையும் அச்சுப்பொறியையும் பகிர்ந்துகொள்வதற்கு விண்டோஸில் எஸ்.எம்.பி. என்றொரு பேச்சுமுறை உண்டு. அதன் பழைய பதிப்பில், வேறொரு கணினி அனுப்பும் ஒருவகைப் பட்டியலைப் பெற்று, அதை வேறு வடிவத்துக்கு மாற்றி எழுதும் வேலை ஒன்று வருகிறது. மாற்றி எழுதுமுன், எவ்வளவு இடம் வேண்டும் என்று கணக்கிட்டு, நினைவகத்தில் அவ்வளவு இடத்தை ஒதுக்கிக்கொள்ள வேண்டும். பட்டியலின் நடுவே கோளாறு தென்பட்டால், நல்லதாக உள்ள பகுதியோடு நிறுத்திக்கொண்டு, நீளத்தைக் குறைத்து எழுதவேண்டும் என்பது ஏற்பாடு. அந்த நீளம் என்னும் எண்ணோ நான்கு பைட் கொண்ட கட்டத்தில் உட்கார்ந்திருந்தது; அதைத் திருத்தி எழுதிய வரியோ, கைத்தவறுதலாக, இரண்டு பைட்டை மட்டும் மாற்றி, மற்ற இரண்டைப் பழையபடியே விட்டுவிட்டது. அதனால் எண் குறைவதற்குப் பதிலாகப் பெருகிவிடும். சிறிய இடத்தை ஒதுக்கிவிட்டுப் பெரிய பட்டியலை அதில் எழுதப்போக, மிகுதி பக்கத்து இடத்தில் வழிந்து, அங்கே இருந்ததை அழித்து, அதன்மேல் ஏறி உட்காரும். வழிந்து போவது என்ன என்பதைத் தீர்மானிப்பவன், பட்டியலை அனுப்பிய அயலான். அவன் அங்கே தன் கட்டளைகளையே வைத்து அனுப்பினால், கணினி அவற்றைத் தன் சொந்தக் கட்டளைகளாக எண்ணி நிறைவேற்றிவிடும். இதற்கு நிறைவழிவு என்று பெயரிடலாம். நிரலுலகில் மிகப் பழைய வியாதிகளில் ஒன்று இது.

இந்த ஓட்டையை அமெரிக்காவின் தேசியப் பாதுகாப்பு முகமை கண்டுபிடித்தது. கண்டுபிடித்தும் தயாரித்த நிறுவனத்துக்குச் சொல்லாமல், பிறர் கணினிகளில் புகுவதற்கான ஆயுதமாக, எடர்னல்புளூ என்ற பெயரில் தன்னிடமே வைத்துக்கொண்டது. கரையில் வளை இருப்பதைக் கண்ட காவலாளி, ஊராருக்குச் சொல்லாமல், வேறொரு நாள் பயன்படுமென்று அதை நினைவில் குறித்துக்கொண்டு போவது எவ்வளவு பெரிய துரோகமோ அவ்வளவு பெரிய துரோகம் அது என்பது என் அபிப்பிராயம். ரகசியம் நிலைக்கவில்லை. ஷேடோ புரோக்கர்ஸ் என்று தம்மை அழைத்துக்கொண்ட கூட்டத்தார் அந்த முகமையின் கருவிகளைக் கவர்ந்து, 2017 ஏப்ரல் 14ஆம் தேதி அனைவரும் காண வெளியிட்டுவிட்டார்கள். அதற்கு ஒரு மாதம் முன்னதாகவே, மார்ச் 14ஆம் தேதி, மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை அனுப்பியிருந்தது. மே 12ஆம் தேதி, வெள்ளிக்கிழமை, வானாகிரை என்னும் கிருமிநிரல் கிளம்பியது. கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணயம் கேட்பது அதன் தொழில். ஒருவரும் எந்த மின்னஞ்சலையும் திறக்காமலே, எந்தப் பொத்தானையும் அழுத்தாமலே, வலையில் கண்ட கணினிகளைத் தானாகத் தட்டிப் பார்த்து, ஓட்டை அடைபடாதவற்றில் நுழைந்து, அங்கிருந்து அடுத்தவற்றுக்குத் தாவுவது அதன் வழி.

சிங்கப்பெருமாள்கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்குப் போகும் சாலையில் உள்ள ஒரகடத்தில், ரெனோ-நிஸான் கார்த் தொழிற்சாலையும் இந்தக் கிருமியால் இடர்ப்பட்டது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்துக் கணினிகள் சிலவும், ஆந்திரப் போலீஸ் நிலையங்களின் கணினிகளும், வயநாட்டில் தரியோடு பஞ்சாயத்து அலுவலகமும், மேற்கு வங்காள மின்விநியோக அலுவலகங்களும் அதற்கு இரையாயின. உலகெங்கும் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கணினிகள் தாக்குண்டன என்று ஐரோப்பியப் போலீஸ் அமைப்பு மதிப்பிட்டது. இங்கிலாந்தில் அரசு மருத்துவமனைகள் முன்பதிவு செய்திருந்த நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகம் பிறகு விசாரித்து, இங்கிலாந்தின் 236 மருத்துவ அறக்கட்டளைகளில் 80 பாதிக்கப்பட்டன என்றும், கிருமி புகுந்த இடங்கள் எல்லாவற்றிலும் புதுப்பிக்கப்படாததோ ஆதரவு முடிந்ததோ ஆன விண்டோஸே இருந்தது என்றும் கண்டறிந்தது. கிருமிக்குள் எழுதப்பட்டிருந்த, யாருக்கும் சொந்தமில்லாத ஒரு வலை முகவரியை மார்க்கஸ் ஹட்சின்ஸ் என்ற 22 வயது இளைஞர் தம் பெயரில் பதிவுசெய்ய, அந்த முகவரி பதிலளித்தால் நின்றுவிடும்படி கிருமி எழுதப்பட்டிருந்த காரணத்தால், பரவல் தணிந்தது.

மார்ச் 14க்கும் மே 12க்கும் இடையே 59 நாட்கள். புதுப்பிப்பு வந்து, வாசலில் காத்திருந்த நாட்கள் அவை.

இங்கே நம்மில் பலர் எண்ணிப் பாராத விஷயம் ஒன்று உண்டு. இந்தக் கட்டுரையை எழுத என்னைத் தூண்டியதே அதுதான். புதுப்பிப்பு வெளிவருவதற்கு முன்பு ஓட்டையை அறிந்தவர்கள் மிகச் சிலர். வெளிவந்த மறுகணமே அதை அறியக்கூடியவர்கள் அநேகர். ஏனெனில் புதுப்பிப்பு என்னும் கோப்பு எல்லோருக்கும் பொதுவாக அனுப்பப்படுவது. பழைய நிரலையும் புதிய நிரலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, எந்த வரிகள் மாறியிருக்கின்றன என்று பார்த்தால், மாறிய இடத்திலேதான் ஓட்டை இருந்தது என்பது விளங்கிவிடும். ஒரே கொத்தனார் ஒரே கணக்கில் எழுப்பிய ஆயிரம் ஏரிக்கரைகள் இருப்பதாகவும், எல்லாவற்றிலும் ஒரே இடத்தில் வளை இருப்பதாகவும் வைத்துக்கொள்வோம். மதுராந்தகத்துக் கரையில் புதுமண் பூசிய ஈரத்தடம் தெரிந்த மாத்திரத்தில், பூசாத மற்றக் கரைகளில் எங்கே கைவைக்க வேண்டும் என்பது தீயவனுக்குத் தெரிந்துவிடுகிறது. அடைப்பதே அறிவிப்பதுமாகிறது. ஆகையால், புதுப்பிப்பு வந்த பின்னும் அதை நிறுவாத கணினி, புதுப்பிப்பே வராத காலத்தில் இருந்ததைக் காட்டிலும் அதிக அபாயத்தில் இருக்கிறது.

இது வெறும் அனுமானமன்று, சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பிரம்லியும் அவருடைய சகாக்களும், 2008ஆம் ஆண்டில், மைக்ரோசாஃப்டின் ஐந்து நிரல்களுடைய பழைய பதிப்பையும் புதுப்பித்த பதிப்பையும் ஒரு கணினியிடம் கொடுத்து, வேறுபாட்டிலிருந்து ஓட்டையை ஊகித்து, அதைத் தாக்கும் உள்ளீட்டைத் தானே தயாரிக்கும்படி செய்து காட்டினார்கள். மனிதர் கைபடாமல், சில நிமிஷங்களில் அது தாக்குதலைத் தயாரித்துவிட்டது.

எதிர்ப்புறத்தில் பாதுகாப்பவர்கள் எவ்வளவு வேகமாகச் செயல்படுகிறார்கள்? இதற்கும் அளவீடு உண்டு. வலைத்தொடர்பை மறைகுறியாக்கும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற நிரலில் 2002 ஜூலை மாதக் கடைசியில் பெரிய ஓட்டைகள் அறிவிக்கப்பட்டபோது, எரிக் ரெஸ்கோர்லா என்ற ஆய்வாளர், ஓட்டையுள்ள சேவையகங்களைப் பட்டியலிட்டுக்கொண்டு, வாரக்கணக்கில் அவற்றை மீண்டும் மீண்டும் தொட்டுப் பார்த்து, எவை திருத்தப்பட்டன, எவை திருத்தப்படவில்லை என்று குறித்துவந்தார். அறிவிப்பு வந்து இரண்டு வாரங்கள் ஆன பின்பும் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டவை அப்படியே கிடந்தன. செப்டம்பரில் அதே ஓட்டை வழியே ஒரு கிருமிநிரல் கிளம்பிய பிறகுதான் அடுத்த அலையாகப் பலர் எழுந்து திருத்தினார்கள். இவை வீட்டுக் கணினிகள் அல்ல. சம்பளம் வாங்கும் நிர்வாகிகள் பொறுப்பில் இருந்தவை. தாக்குபவனுக்குத் தேவை நிமிஷங்கள், காப்பவன் எடுத்துக்கொள்வது வாரங்கள்: ஏற்றத்தாழ்வு இதுதான்.

இவ்வளவு அவசரமானதென்றால், "புதுப்பிப்பு" என்ற பெயரால் வருவதை எல்லாம் உள்ளே விட்டுவிடலாமா? அதைவிட ஆபத்து வேறில்லை. கரையை மூடுகிறேன் என்று மண்வெட்டியோடு வருபவன் உண்மையில் யாருடைய ஆள் என்பதை நிச்சயப்படுத்திக்கொள்ளாமல் இரவில் அவனைக் கரைமேல் ஏறவிடக்கூடாது. கணினி இதை இரண்டு படிகளில் செய்கிறது.

முதற்படி, கோப்பின் சாரம். எவ்வளவு பெரிய கோப்பானாலும் அதை ஒரு குறிப்பிட்ட முறையில் பிசைந்து பிசைந்து, 256 பிட் அளவுள்ள ஒரே எண்ணாகச் சுருக்கலாம். இதை ஹாஷ் என்கிறார்கள். சாரக்குறி என்று நாம் வைத்துக்கொள்ளலாம். கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் சாரக்குறியில் ஏறக்குறையப் பாதிப் பிட்டுகள் மாறிவிடும். ஒரே சாரக்குறி வரும்படி இரண்டு வெவ்வேறு கோப்புகளைத் தயாரிப்பது நடைமுறையில் முடியாத காரியமாக இருக்கவேண்டும் என்பது அதன் இலட்சணம். இரண்டாம் படி, கையொப்பம். 97ஐயும் 89ஐயும் பெருக்கினால் 8,633 என்று எளிதாகச் சொல்லிவிடலாம். 8,633ஐக் கொடுத்து, எந்த இரண்டு எண்களின் பெருக்கம் இது என்று கேட்டால் சற்றுத் திணற வேண்டியிருக்கும். எண்கள் சில நூறு இலக்கம் கொண்டவையாகிவிட்டால், உலகத்துக் கணினிகள் எல்லாம் ஒன்றுசேர்ந்தாலும் திணறும். ஒரு திசையில் எளிதும் மறுதிசையில் அரிதுமான இந்த இயல்பைக் கொண்டு, ரிவெஸ்ட், ஷமீர், ஆடில்மன் என்னும் மூவர் 1977இல் வகுத்த முறையில், தயாரித்தவர் ஒரு ரகசிய எண்ணைத் தம்மிடமே வைத்துக்கொண்டு, அதற்கு இணையான பகிரங்க எண்ணை எல்லாக் கணினிகளிலும் முன்னதாகவே பதித்துவிடுகிறார். சாரக்குறியின்மேல் ரகசிய எண்ணால் கையொப்பமிட அவர் ஒருவரால்தான் முடியும். அது அவருடைய கையொப்பமா என்று பகிரங்க எண்ணால் சரிபார்க்க எந்தக் கணினியாலும் முடியும். பொருந்தவில்லையென்றால் புதுப்பிப்பு வாசலிலேயே நிராகரிக்கப்படும்.

இந்தக் காவலும் ஒருமுறை ஏமாந்தது. 2012 மே மாதம் மேற்காசியாவில் கண்டுபிடிக்கப்பட்ட ஃபிளேம் என்னும் உளவு நிரல், அக்கம்பக்கத்துக் கணினிகளுக்குத் தன்னை விண்டோஸ் புதுப்பிப்பாகவே காட்டி, மைக்ரோசாஃப்டின் கையொப்பத்தோடு பொருந்தும் சான்றிதழுடன் உள்ளே நுழைந்திருந்தது. எப்படி? அந்நிறுவனத்தின் ஒரு கிளைப் பிரிவு, எம்.டி.5 என்னும் பழைய சாரக்குறி முறையையே இன்னும் கையாண்டுகொண்டிருந்தது. அம்முறையில் ஒரே சாரக்குறி கொண்ட இரண்டு கோப்புகளை ஆக்கமுடியும் என்பதைச் சீனத்துக் கணித அறிஞர் வாங் சியாவ்யுன் தம் சகாக்களோடு 2004இலேயே நிரூபித்திருந்தார். ஆம்ஸ்டர்டாம் ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த மார்க் ஸ்டீவன்ஸ், போலிச் சான்றிதழை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, அதன் பிட்டுகளில் எஞ்சியிருந்த தடயங்களிலிருந்து, அதுவரை எவரும் வெளியிடாத ஒரு புதிய முறையால் அது புனையப்பட்டது என்று காட்டினார். ஜூன் 3ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அவசரமாக அந்தச் சான்றிதழ்களை ரத்துசெய்தது. 2004இல் தெரிந்த பலவீனம் 2012இல் பயன்பட்டிருக்கிறது என்பதை இங்கே கவனிக்கவேண்டும். அறிந்ததற்கும் அடைத்ததற்கும் இடையே விழும் காலதாமதம் நம்மைப் போன்ற சாமானியர்களுக்கு மட்டும் உரிய குணம் அன்று.

சரிபார்த்து இறக்கிய பிறகும், ஏன் மறுதொடக்கம் என்று பலரும் சலித்துக்கொள்கிறார்கள். வட்டில் இருப்பது நிரலின் பிரதி; ஓடிக்கொண்டிருப்பது, கணினியைப் போட்டவுடன் தற்காலிக நினைவகத்தில் ஏற்றப்பட்ட மற்றொரு பிரதி. வட்டில் உள்ளதை மாற்றினாலும், நினைவகத்தில் உள்ள பழையது ஓட்டையோடுகூட ஓடிக்கொண்டேதான் இருக்கும். சாதாரண நிரலாக இருந்தால் அதை மட்டும் மூடித் திறந்தால் போதும்; எல்லா நிரல்களும் எந்நேரமும் சார்ந்து நிற்கும் கெர்னலை மாற்றுவதற்கு, அனைத்தையும் நிறுத்தி, முதலிலிருந்து தொடங்குவதே நேர்வழி. மாதக்கணக்கில் அணைக்கப்படாமல் ஓடும் அலுவலகக் கணினி, "புதுப்பிப்பு இறக்கப்பட்டது" என்று காட்டிக்கொண்டே பழைய கெர்னலோடு இயங்குவதற்கு இடமுண்டு. பயன்பாட்டில் இருக்கும் கோப்பை மாற்றமுடியாதாகையால், விண்டோஸ், மாற்ற வேண்டியவற்றைக் குறித்துவைத்துக்கொண்டு, மறுதொடக்கத்தின்போது, பிற நிரல்கள் விழிக்குமுன் மாற்றுகிறது. நீலத்திரையில் 30 சதவிகிதம் என்று நெடுநேரம் நிற்கும் வேளை இதுதான். அந்த வேளையில் மின்சாரம் போய்விட்டால் பாதி மாறியும் மாறாமலும் நின்றுவிடும் அபாயம் இருப்பதால், யு.பி.எஸ். இல்லாத கடையில், மின்தடை அறிவித்திருக்கும் நாளில் இதைச் செய்யாதிருப்பது விவேகம். கைபேசிகளில் இதற்கு நல்ல உபாயம் ஒன்று கண்டிருக்கிறார்கள்: 2016இல் வந்த ஏழாம் ஆண்ட்ராய்டு முதல், இயங்குதளத்துக்கு இரண்டு தனி இடங்களை ஒதுக்கி, ஒன்றில் போன் ஓடிக்கொண்டிருக்கும்போதே மற்றொன்றில் புதியதை எழுதி, மறுதொடக்கத்தில் இடம் மாறிக்கொள்ளவும், புதியது எழும்பாவிட்டால் பழையதற்கே திரும்பவும் ஏற்பாடு உண்டு.

புதுப்பிப்பே தீமை செய்ததில்லையா என்று கேட்பவருக்கும் பதில் சொல்லவேண்டும். 2024 ஜூலை 19ஆம் தேதி, இந்திய நேரப்படி காலை 9.39க்கு, கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம் தன் நிரலுக்கு அனுப்பிய ஒரு சிறு கோப்பு, உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை எழும்பவிடாமல் வீழ்த்தியது. சென்னை விமான நிலையத்தில் பயணிகளுக்குப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அது இயங்குதளத்தின் புதுப்பிப்பு அன்று. எனினும் கெர்னலுக்குள்ளேயே இருந்து இயங்கும் நிரலின் புதுப்பிப்பு. 20 உள்ளீடுகள் மட்டும் தரப்பட்ட இடத்தில் 21ஆவதைப் படிக்க முயன்றதே பிழை. 78 நிமிஷங்களில் கோப்பைத் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சேதம் நடந்துவிட்டது. எல்லோருக்கும் ஒரே கணத்தில் அனுப்பாமல், சிலருக்கு முதலில் அனுப்பிப் பார்த்து, பிறகு படிப்படியாக விரித்திருந்தால் சேதம் சிறியதாக இருந்திருக்கும். பத்துக் கணினிகள் உள்ள அலுவலகத்தில் ஒன்றில் முதலில் நிறுவி, ஒரு நாள் பார்த்து, மறுநாள் மற்றவற்றில் நிறுவுவது முறையான ஜாக்கிரதை. ஆனால், அன்று நடந்ததைக் காரணம் காட்டி, 59 நாட்கள் சும்மா இருப்பதை ஜாக்கிரதை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. விழுந்த கணினிகளை மீண்டும் எழுப்ப முடிந்தது. பணயக்காரனிடம் அகப்பட்ட கோப்புகள் பலருக்குத் திரும்பவே இல்லை.

ஏரி மராமத்தில் நம் முன்னோர்கள் கண்ட ஒரு தத்துவம் இங்கே பொருந்தும். ஒருவருடைய வயலுக்கு எதிரே உள்ள கரைப்பகுதியை அவர் கவனியாமல் விட்டால், அங்கே உடைந்த கரை அவருடைய வயலை மட்டும் அழிப்பதில்லை. குடிமராமத்து என்று ஊரே கூடிச் செய்த வழக்கத்துக்கு 1858ஆம் ஆண்டில் சென்னை ராஜதானியில் சட்டபலமும் தரப்பட்டது. வானாகிரை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவியதும் அப்படித்தான். ஒரு மேசையில் தள்ளிப்போட்டது, அதே வலையில் இணைந்த அடுத்த மேசையைத் தாக்குவதற்குத் தங்குமிடம் ஆயிற்று. ஆகவே இது அவரவர் சௌகரியத்தைப் பொறுத்த விஷயம் என்று விட்டுவிடக்கூடியதன்று.

மராமத்துக்காரர் வருவதையே நிறுத்திவிட்டால் என்ன செய்வது? விண்டோஸ் எக்ஸ்.பி.க்கு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு புதுப்பிப்புகள் நின்றன. அதை முன்னிட்டு, தமிழக அரசு தன் துறைகளை, சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய பாஸ் இயங்குதளத்துக்கு மாறும்படி கேட்டுக்கொண்டது. 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளிலும் விண்டோஸோடுகூட அது இடம்பெற்றிருந்தது. மாறாதவர்கள் மாறாமலே இருந்தார்கள். வங்கி ஏ.டி.எம்.கள் எக்ஸ்.பி.யிலேயே ஓடுவதைக் கண்ட ரிசர்வ் வங்கி, 2018 ஜூன் 21ஆம் தேதி சுற்றறிக்கை விடுத்து, 2019 ஜூனுக்குள் அனைத்தையும் ஆதரவுள்ள இயங்குதளத்துக்கு மாற்றக் கெடு வைத்தது. அதாவது ஆதரவு நின்று ஐந்து ஆண்டுகள் கழித்து. விண்டோஸ் 10க்குரிய வழக்கமான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. அதை இன்னமும் வைத்திருப்பவர்கள், விலை கொடுத்துப் புதிய யந்திரம் வாங்க இயலாதவர்களாயின், லினக்ஸ் வகைகளில் ஒன்றை நிறுவிக்கொள்வதே, என் அறிவுக்கு எட்டியவரை, செலவில்லாத வழி.

ஒரு பொருளை விற்கும்போதே, அதற்கு எந்நாள் வரையில் புதுப்பிப்பு வரும் என்பதையும் பெட்டியின்மேல் அச்சிடவேண்டுமென்று நம் நாட்டில் விதி செய்தால் நல்லது. ஐரோப்பிய ஒன்றியம், 2025 ஜூன் 20 முதல், அங்கே விற்கப்படும் கைபேசிகளுக்கு, அந்த மாடலின் விற்பனை நின்ற நாளிலிருந்து ஐந்தாண்டுகளுக்குக் குறையாமல் இயங்குதளப் புதுப்பிப்பு கிடைக்கவேண்டும் என்று ஏற்பாடு செய்திருக்கிறது. நம் நாட்டில் அப்படியொரு விதி வரும்வரையில் நாமே பார்த்துக்கொள்ளலாம். ஆண்ட்ராய்டு கைபேசியில் அமைப்புகளைத் திறந்து, "ஃபோனைப் பற்றி" என்ற பகுதிக்குள் போனால், பாதுகாப்புப் புதுப்பிப்பு என்று ஒரு தேதி தெரியும். 2015 ஆகஸ்ட் முதல் கூகிள் மாதந்தோறும் வெளியிட்டுவரும் திருத்தங்களில், அந்தக் கைபேசி எந்த மாதம் வரையிலானவற்றைப் பெற்றிருக்கிறது என்பதை அது சொல்லும். தேதி ஓராண்டுக்கு முந்தியதாக இருந்து, புதுப்பிப்பைத் தேடும்போது "உங்கள் சாதனம் புதுப்பித்த நிலையில் உள்ளது" என்று பதில் வந்தால், ஓட்டைகள் எல்லாம் அடைபட்டுவிட்டன என்று கொள்ளலாகாது. தயாரித்தவர் அந்த மாடலுக்கு அனுப்பியது அவ்வளவுதான், இனி அனுப்புவது சந்தேகம் என்றே கொள்ளவேண்டும். அப்படிப்பட்ட போனில் பேசலாம், பாட்டுக் கேட்கலாம். வங்கிக் கணக்கையும் யு.பி.ஐ.யையும் வேறொன்றுக்கு மாற்றிவிடுவது உசிதம்.